பந்தாட்டமே பணியாக



பந்தாட்டம் தமிழ்ப் பெண்டிர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில், மகளிர் பந்தடித்துக்கொண்டே பாடும் கந்துகவரி இடம்பெற்றிருக்கின்றது. சீவக சிந்தாமணியில் வணிகர் மகள் விமலை பந்தாடுகின்றாள். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் அழகைத் திரிகூட ராசப்பக் கவிராயர் விரிவாகவே பாடியிருக்கின்றார். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. விமலையின் பந்து வீதிக்கு உருண்டு வருகின்றது. அதனைத் தேடி வந்தவள் சீவகனைக் காண்கின்றாள். பின்னர்த் திருமணம் நிகழ்கின்றது. அதன்பின் பந்தைப் பற்றிய பேச்சே இல்லை.

நம் இல்லங்களிலும் பெரும்பாலும் இதுவே கதை. பன்னிரண்டு வயது வரை ஆடலாம். பிறகு பந்தை எடுத்துப் பரணில் வைத்துவிட வேண்டும். "பெண் பிள்ளைக்கு இனி விளையாட்டு என்ன?" என்ற ஒரு வினாவிலே அந்த அத்தியாயம் முடிந்துவிடும். இவ்வாறு முடியாத ஒரு பந்தாட்டக் கதையையும், அதனால் நாம் அறியத்தக்கது யாது என்பதையும் இன்று கூற விரும்புகின்றேன். சித்தூரிலும் திருப்பதியிலும், இவற்றைப் போன்ற வெளிமாநில ஊர்களிலும் பிழைப்பின் பொருட்டுக் குடியேறி, பெண் மக்களை வளர்த்து வரும் தமிழ்ப் பெற்றோர்க்கே இவ்வுரை முதன்மையாக உரியது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறுகின்றேன். மொழிபெயர்ப்பே என் அலுவலாதலால் இதனைப் பொறுத்தருள வேண்டும். 'தொழில்முறை ஆட்டக்காரர்' என்று நாம் எழுதுகின்றோம். தொழில் என்னும் சொல் நம் மொழியில் உழவையும் குறிக்கும், நெசவையும் குறிக்கும், ஊதியத்தையும் உரிமையையும் கடமையையும் ஒருங்கே நினைவூட்டும். பொழுதுபோக்காக ஆடுபவர் மனம் விரும்பியபோது ஆடலாம். தொழிலாக ஆடுபவரோ ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர். மழையானாலும் பனியானாலும் பயிற்சிக்குச் செல்ல வேண்டியவர். உண்பதையும் உறங்குவதையும்கூட அத்தொழிலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டியவர். ஒரு பெண் கால்பந்தாட்டத்தை இவ்வாறு தொழிலாகக் கொள்ள இயலுமா என்பதே நம் முன் உள்ள வினா.

இயலும் என்று காட்டியவர் மணிப்பூரைச் சேர்ந்த ஙாங்கோம் பாலா தேவி. 1990ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், விஷ்ணுபூர் மாவட்டத்து இரெங்பம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். சிறுமியாய் இருந்தபோது ஊர்ச் சிறுவர்களோடு சேர்ந்தே பந்தாடினார். பதினைந்து வயதிலேயே இந்திய அணியில் இடம்பெற்றார். நாளடைவில் அணித்தலைவியாகவும் விளங்கினார். விளையாட்டுத் தகுதியைக் கொண்டு மணிப்பூர்க் காவல்துறையில் பணி பெற்றார். ஆடுகளத்தில் அவர் ஏற்ற இடம், முன்னணி ஆட்டக்காரர் என்னும் இடம்.

முன்னணி ஆட்டக்காரரின் வேலை யாது? கோல் அடிப்பது என்று ஒரே சொல்லிற் கூறிவிடலாம். ஆனால் அந்த வேலையின் இயல்பை அறிந்தால் வியப்பு உண்டாகும். ஆட்டம் 90 நிமிடம். களம் ஏறத்தாழ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. கோல் கம்பங்களின் இடைவெளியோ 7.32 மீட்டர்தான், உயரம் 2.44 மீட்டர். இந்த 90 நிமிடத்தில் முன்னணி ஆட்டக்காரரின் காலில் பந்து தங்கும் நேரம் மிகக் குறைவு. எஞ்சிய பொழுதெல்லாம் ஓட்டமும் காத்திருப்புமே. பின்னிருந்து தோழியர் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரணித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி ஓரடி முன்னால் நின்றுவிட்டால் 'ஆஃப்சைடு' என்று நடுவரின் ஊதல் ஒலிக்கும். ஓரடி தாமதித்தால் பந்து கைவிட்டுப் போகும். ஆகவே கால்களின் விரைவைக் காட்டிலும் காலத்தை அறியும் அறிவே இங்கு முதன்மையானது. பத்து முறை முயன்று ஒன்பது முறை தவறுவது இத்தொழிலில் இயல்பு; அந்த ஒன்பது தவறுகளையும் மனத்திற் சுமந்தால் பத்தாவது முறை கால் நடுங்கும். தோல்வியை உடனே மறக்கும் பயிற்சி இதனைப் போல் வேறு எத்தொழிலில் கிடைக்கும்?

பாலா தேவி அப்பயிற்சியை நன்கு பெற்றவர். இந்திய மகளிர் லீக்கின் 2018-19ஆம் ஆண்டுப் பருவத்தில் மணிப்பூர்க் காவல்துறை அணிக்காக 26 கோல்கள் அடித்தார். அடுத்த குளிர்காலத்தில் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரிலுள்ள, 1872இல் தோன்றிய பழம்பெருங் கழகமான ரேஞ்சர்ஸ், அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தது. 2020 ஜனவரித் திங்களில் 18 மாதங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. வெளிநாட்டுத் தொழில்முறைக் கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் இந்தியப் பெண் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று. பத்தாம் எண் சட்டை அவருக்கு அளிக்கப்பெற்றது.

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று எண்ணற்க. அவர் சென்று இறங்கிய சில வாரங்களிலேயே பெருந்தொற்று உலகை முடக்கியது, ஆட்டங்கள் நின்றன. கொட்டும் மழையும் குளிரும் உடைய அந்நகரில், தாய்மொழி பேசுவார் அருகில் இன்றிப் பல திங்கள் காத்திருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராக ரேஞ்சர்ஸ் 9-0 என வென்ற ஆட்டத்தில், மாற்று ஆட்டக்காரராக இறங்கித் தம் முதல் கோலை அடித்தார். அதன்பின் முழங்காலில் நேர்ந்த கடுமையான காயம் அவரை நெடுநாள் களத்திலிருந்து விலக்கிவைத்தது. 2022 ஜனவரியில் மகளிர் ஆசியக் கோப்பைப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தபோது அவர் ஆடவில்லை. முப்பது வயதைக் கடந்த ஒரு முன்னணி ஆட்டக்காரருக்கு முழங்கால் கெட்டால் தொழில் முடிந்தது என்றே உலகம் கணக்கிடும். அவர் அவ்வாறு கணக்கிடவில்லை. 2023இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுகளுக்கான இந்திய அணியில் மீண்டும் இடம்பெற்றார். 2024 அக்டோபரில் காட்மண்டுவில் நடந்த தெற்காசிய மகளிர் போட்டியில், நாட்டுக்காகத் தாம் அடித்த கோல்களின் எண்ணிக்கையை ஐம்பதாக உயர்த்தினார். இந்தியப் பெண்களில் வேறெவரும் அதற்குமுன் எட்டாத எண் அது.

இவ்வளவு ஆற்றல் நம் பெண்களுக்கு இருக்குமாயின், இது ஏன் இத்தனை காலம் கழித்து வெளிப்பட்டது என்று சிலர் வினவலாம். விடை ஆற்றலில் இல்லை, வாய்ப்பில் இருக்கின்றது. இங்கிலாந்தின் கதையைக் கேளுங்கள். முதல் உலகப் போரின்போது தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்ற பெண்கள் அங்குப் பந்தாடத் தொடங்கினர். பிரஸ்டன் நகரின் 'டிக், கெர்' தொழிற்சாலைப் பெண்கள் அணி 1920 டிசம்பர் 26ஆம் நாள் லிவர்பூல் நகரில் ஆடியபோது, 53,000 பேர் திரண்டு வந்து கண்டனர். லில்லி பார் என்னும் ஒப்பற்ற முன்னணி வீராங்கனை அந்த அணியிலே வளர்ந்தவர். மறு ஆண்டே, 1921 டிசம்பரில், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, தன் உறுப்புக் கழகங்களின் களங்களிற் பெண்கள் ஆடுவதை அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தடை செய்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அத்தடை நீடித்தது. கூட்டம் வாராததனால் அன்று பெண்கள் ஆட்டம் நிற்கவில்லை; கூட்டம் வந்துகொண்டிருந்தபோதே நிறுத்தப்பட்டது. பிரேசில் நாட்டிலும் 1941 முதல் 1979 வரை சட்டமே குறுக்கே நின்றது.

நம் நாட்டில் அத்தகைய சட்டம் ஏதும் எழுதப்பெறவில்லை. எழுதாத சட்டமே போதியதாய் இருந்தது. அதனையும் மீறி 1970களில் நம் பெண்கள் அணி திரட்டினர். ஆசிய மகளிர் போட்டியில் இருமுறை இரண்டாம் இடம் பெற்றனர். அவற்றுள் பின்னது 1983இல் பாங்காக் நகரில் நிகழ்ந்தது. அதே ஆண்டில், வங்கத்தைச் சேர்ந்த முன்னணி வீராங்கனை சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார்; அவ்விருதைப் பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை அவரே. பின்னர் ஆதரவு குன்றி, ஆட்டம் நெடுங்காலம் தளர்ந்து கிடந்தது. பெண்களுக்கென நாடு தழுவிய லீக் போட்டி 2017 ஜனவரியிலேதான் முதன்முறையாக நடந்தது. அதன் பயன் விரைவிலேயே தெரியலாயிற்று. பஞ்சாபின் மனீஷா கல்யாண் 2021 நவம்பரில் பிரேசில் அணிக்கு எதிராகவே கோல் அடித்தார். 2022 ஆகஸ்டில் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியரானார். 2025 ஜூலையில், தாய்லாந்து அணியை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என வென்று, தகுதிச் சுற்றின் வழியே ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் முதன்முறையாகத் தகுதி பெற்றனர்.

இனி நமக்கு அண்மையில் உள்ளவற்றைக் காண்போம். மணிப்பூர் தொலைவு, பஞ்சாபும் தொலைவு என்று கூறுவார்க்குக் கடலூர் தொலைவன்று. தமிழ்நாட்டுக் கால்பந்துப் பெண்களின் விளைநிலம் கடலூர் மாவட்டம். இந்துமதி கதிரேசன் அம்மண்ணில் வளர்ந்து இந்திய அணியின் நடுக்களத்தில் விளங்கியவர். தமிழ்நாடு காவல்துறையிற் பணி பெற்றவர். முன்னணி வீராங்கனை சந்தியா ரங்கநாதன் பலாவுக்குப் பெயர்பெற்ற பண்ருட்டியைச் சேர்ந்தவர். அரசு விடுதியில் தங்கிப் படித்தும் பயின்றும் உயர்ந்து இந்திய அணியை எட்டியவர். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் கோப்பை கொணர்ந்தனர். 2023இல் அமிர்தசரசில் மீண்டும் வென்றனர். மதுரையின் சேது அணி 2019 மே திங்களில் லூதியானா நகரில் இந்திய மகளிர் லீக்கை வென்றது. இறுதியாட்டத்தில் அவ்வணி 3-1 எனத் தோற்கடித்தது யாரைத் தெரியுமா? பாலா தேவியின் மணிப்பூர்க் காவல்துறை அணியைத்தான்.

தெலுங்கு மண்ணும் பின்தங்கியதன்று. சிட்னி ஒலிம்பிக்கில், 2000ஆம் ஆண்டில், பளு தூக்குவதில் வெண்கலம் பெற்று, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்ணாகிய கர்ணம் மல்லேஸ்வரி ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்துப் பெண். தெலங்கானாவின் நிஜாமாபாத் மாவட்டத்தில், லம்பாடிக் குடியில் பிறந்த சௌமியா குகுலோத், கால்பந்தில் முன்னணி ஆட்டக்காரர். 2022இல் குரோவேஷியாவின் டைனமோ சாகிரெப் கழகத்தில் இடம்பெற்றார். 2025இல் நாட்டின் சிறந்த வீராங்கனையாக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பால் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

இவ்வளவும் கேட்டபின் ஒரு தந்தையின் மனத்தில் எழும் வினா, "புகழ் சரி, சோறு?" என்பது. நேர்மையாக விடை கூறுவதே முறை. கால்பந்து ஒன்றையே நம்பி இந்நாட்டில் ஒரு பெண் வாழ்நாள் முழுதும் வாழ்ந்துவிடலாம் என்று நான் கூறமாட்டேன். 2023ஆம் ஆண்டில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, மகளிர் லீக் கழகம் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத ஊதியம் தர வேண்டும் என்று தீர்மானித்தது. மாதக் கணக்கில் அது 27,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதுவும் ஆடும் காலம் வரைதான். முப்பத்தைந்து வயதுக்குமேல் முன்னணியில் ஆடுவோர் மிகச் சிலர். காயம் நேர்ந்தால் அதற்கு முன்பே நின்றுவிடலாம்.

ஆனால் இவ்வாட்டத்தோடு மற்றொரு வாயிலும் திறக்கின்றது. மத்திய அரசு அலுவலகங்களில், குரூப் சி பணிகளுக்கு நேரடியாக ஆள் எடுக்கும்போது, நூற்றுக்கு ஐந்து இடங்கள் வரை தகுதி வாய்ந்த விளையாட்டு வீரர்களைக் கொண்டு நிரப்ப விதி உண்டு. நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஆடியவர் மட்டுமே அதற்கு உரியவர் என்று எண்ணற்க. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் தம் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவரும், தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவரும் விண்ணப்பிக்கலாம். ரயில்வேயும் காவல்துறையும் விளையாட்டு வீராங்கனைகளுக்குப் பணி தருகின்றன. பாலா தேவிக்கும் இந்துமதிக்கும் களத்துக்கு வெளியே நிலையான வாழ்வு தந்தது இவ்வாயிலே. திருப்பதியில் பெண்களுக்கென்றே 1983 முதல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று தின்ன வேண்டியதில்லை. ஒன்றுக்கு மற்றொன்று துணையாக நிற்கலாம். ஆகவே ஆடும் பெண்ணின் படிப்பை நிறுத்துவதும் தவறு. படிக்கும் பெண்ணின் ஆட்டத்தை நிறுத்துவதும் தவறு.

சித்தூரில் நான் அறிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளி அணியின் முன்னணியில் ஆடுபவள். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியில் நடந்த ஒரு தேர்வுக்கு அவளை அழைத்தனர். தந்தை அனுப்பவில்லை. காரணம் வினவியபோது அவர் கூறியது இது: "சொந்த ஊராயிருந்தால் அண்ணன் தம்பி கூடப் போவார்கள். இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? ஒன்று நடந்துவிட்டால் யாரிடம் போய் நிற்பது?" இந்த அச்சத்தைப் பழமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்க்கே உரிய அச்சம் இது. உறவினர் இல்லாத ஊரில் பெற்றோர் இருவரே சுற்றமும் காவலுமாக இருக்கின்றனர்.

ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து, மகளை வீட்டில் இருத்துவதன்று, சுற்றத்தை உண்டாக்கிக்கொள்வதே. ஒரே அணியில் ஆடும் பதினொரு பெண்களுக்கும் பதினொரு தாய்மார் இருக்கின்றனர். அவர்கள் தெலுங்கு பேசுவர், உருது பேசுவர். முறை வைத்து இருவர் இருவராக உடன் செல்லலாமே! பயிற்சியாளர் யார், அவர் எவ்விடத்தில் சான்று பெற்றவர், வெளியூர் செல்லும்போது பெண் பொறுப்பாளர் உடன் வருவாரா, தங்குமிடம் எத்தகையது என்பவற்றைப் பெற்றோர் தயங்காது கேட்க வேண்டும். நேர்மையான பயிற்சியாளர் இவ்வினாக்களால் மகிழ்வாரேயன்றிச் சினவார். சினப்பவராயின் அவரிடம் மகளை அனுப்பாதிருப்பதே நன்று.

உடல் நலத்தைப் பற்றியும் இரண்டு செய்திகள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஓடும் பெண்ணுக்கு முருங்கைக் கீரையும் கேழ்வரகும் முட்டையும் பயறும் ஆண் பிள்ளையின் இலையில் விழும் அளவுக்குக் குறையாது விழ வேண்டும். சோர்வு தோன்றின் மருத்துவரிடம் காட்டி இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும். மற்றொன்று முழங்கால். முழங்காலின் உள்ளே குறுக்காக அமைந்த நாண் போன்ற இணைப்பு அறுபடுவது, ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்க்கு மிகுதியாக நேர்கின்றது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. இதனைக் குறைப்பதற்கென உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 'லெவன் பிளஸ்' என்னும் 20 நிமிடப் பயிற்சி முறையை வகுத்திருக்கின்றது. ஓடுதல், ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து முழங்காலை நேராக மடக்கி இறங்குதல் முதலியவை அதில் அடங்கும். கருவி எதுவும் வேண்டியதில்லை. பள்ளி மைதானமே போதும். ஆட்டத்துக்கு முன் இதனைச் செய்விக்கின்றார்களா என்று கேட்டறிவது பெற்றோர் கடமை.

நேயர்களே, பந்தாடும் பெண்கள் எல்லோரும் பாலா தேவியாகிவிட மாட்டார்கள். நூறு பேர் ஆடினால் ஒருவர் மாநில அணியை எட்டுவதே அரிது. அது வீண் என்று கூற இயலாது. தவறிய பந்தை மறந்து மறுபந்துக்கு ஓடவும், தான் அடிக்க வாய்ப்பிருந்தும் தன்னினும் நல்ல இடத்தில் நிற்கும் தோழிக்குப் பந்தைத் தரவும், தோற்ற பின் எதிரணியின் கையைப் பற்றிக் குலுக்கவும் கற்ற பெண், எந்த அலுவலகத்திலும் எந்த இல்லத்திலும் தலை நிமிர்ந்து நிற்பாள். வேற்று மொழி வழங்கும் ஊரில் வளரும் பிள்ளைக்கு இது மேலும் ஒரு நன்மையைத் தரும். வகுப்பறையில் மொழி தடுமாறலாம். களத்தில் பந்தைக் கேட்பதற்கு ஒரு கையுயர்த்தல் போதும். தமிழ்ப் பெண்ணும் தெலுங்குப் பெண்ணும் ஒரே சட்டை அணிந்து ஒரே கோலுக்காக ஓடும்போது, வந்த ஊர் சொந்த ஊராகின்றது.

மார்கழித் திங்களில் திருமலையிலே சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகின்றது. ஆண்டாளின் தமிழ் தெலுங்கு நாட்டு மலையின்மேல் வைகறையில் ஒலிக்கின்றது. அப்பாவையின் தலைவியும் தோழியரை ஒவ்வொரு வாயிலாகச் சென்று எழுப்பி, வெளியே அழைத்துச் சென்ற ஒரு பெண்தான். வரும் கல்வியாண்டில் உங்கள் மகளின் பள்ளியில் பெண்களுக்குக் கால்பந்து அணி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று மீண்டும் கேளுங்கள். பந்து வீதிக்கு உருண்டு வரட்டும். உங்கள் மகள் அதன் பின்னே ஓடட்டும்.